வரி போடும் கை யாருடையது? அமெரிக்க அதிபரின் அதிகாரமும் சீனாவுடனான பொருளாதாரப் போட்டியும்

2026 பிப்ரவரி 20 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. அதிபர் டொனால்ட் டிரம்ப் முந்தைய ஆண்டில் ஏறத்தாழ எல்லா நாடுகள் மீதும் இறக்குமதி வரி போட்டபோது காட்டிய சட்டம், அந்த அதிகாரத்தை அவருக்குத் தரவில்லை என்பது தீர்ப்பின் சாரம். அன்றைக்கே அவர் வேறொரு சட்டத்தை எடுத்து, எல்லா நாடுகளுக்கும் பொதுவாக 10 சதவீத வரியை அறிவித்தார். எஃகு, அலுமினியம், கார் மீதான வரிகளைத் தீர்ப்பு தொடவே இல்லை. ஒரே நாளில் 'வரி ரத்து' என்றும் 'புதிய வரி' என்றும் இரண்டு தலைப்புச் செய்திகள் வந்தால் படிப்பவர் குழம்பத்தான் செய்வார்.

இந்தக் குழப்பம் தீர, வரி எத்தனை சதவீதம் என்பதைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டு, அதைப் போடும் கை எது, அந்தக் கையைப் பிடித்து நிறுத்தும் உரிமை யாருக்கு இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அப்படிப் பார்க்கும்போது இன்னொரு விஷயமும் தெரியவரும். தடுக்க வேண்டிய உள்நாட்டு அமைப்புகள் ஓராண்டுக்கு மேல் அதிபரைத் தடுக்கவில்லை. அந்தக் காலத்தில் அவரைப் பின்வாங்க வைத்தவை இரண்டு: கடன்பத்திரச் சந்தை, சீனாவிடம் இருக்கும், கார் மோட்டாருக்குத் தேவையான அரிய மண் காந்தங்கள். ஒரு நாடு தன் ஆட்சியாளருக்குத் தானே போட வேண்டிய கடிவாளத்தைப் போட்டி நாடு போட்டது. இந்தக் கட்டுரை சொல்ல வருவது அதைத்தான்.

முதலில் சில அடிப்படைகள்

1. அமெரிக்கக் காங்கிரஸ் என்பது அந்த நாட்டின் நாடாளுமன்றம். செனட், பிரதிநிதிகள் அவை என்று இரண்டு அவைகள். அரசியலமைப்பின் முதலாவது பிரிவு, 8ஆம் உட்பிரிவு, வரியும் சுங்கத் தீர்வையும் விதிக்கும் அதிகாரத்தைக் காங்கிரஸிடம் கொடுத்திருக்கிறது. வெளிநாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்துவதும் காங்கிரஸின் வேலையே. அதிபருக்கு இந்த விஷயத்தில் சொந்த அதிகாரம் எதுவும் இல்லை. காங்கிரஸ் சட்டம் போட்டு ஒப்படைத்தால்தான் உண்டு.

2. நிர்வாக ஆணை என்பது அதிபர் கையெழுத்திட்டு அரசுத் துறைகளுக்கு அனுப்பும் உத்தரவு. இருக்கும் சட்டத்துக்குள் அது நிற்க வேண்டும்.

3. தேசிய அவசரநிலை என்றதும் நம் வாசகர்களுக்கு 1975 நினைவுக்கு வரும். அமெரிக்காவில் அது வேறு. பத்திரிகைத் தணிக்கையோ கைதுகளோ அதில் இல்லை. சில சட்டங்களில் உறங்கும் அதிகாரங்களை எழுப்புவதற்கான அறிவிப்பு அது. ஈரான் தொடர்பாக 1979 நவம்பரில் அறிவித்த அவசரநிலையை ஆண்டுதோறும் புதுப்பித்து இன்றுவரை வைத்திருக்கிறார்கள். இப்படி ஒரே நேரத்தில் பல அவசரநிலைகள் நடப்பில் இருப்பது அங்கே வழக்கம்.

4. வரியைக் கட்டுவது ஏற்றுமதி செய்யும் நாடு அல்ல. சரக்கைத் துறைமுகத்தில் எடுக்கும் அமெரிக்க இறக்குமதியாளர்தான் அந்த நாட்டு அரசுக்குக் கட்டுகிறார்.

நான்காவதை ஒரு கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். திருப்பூரிலிருந்து 5 டாலர் விலையில் ஒரு பருத்தி டி-ஷர்ட் போகிறது. அமெரிக்காவில் அதற்கு வழக்கமான வரி 16.5 சதவீதம், அதாவது 82 சென்ட் சொச்சம். 2025 ஆகஸ்ட் 27க்குப் பிறகு இந்தியப் பொருள்களுக்குக் கூடுதலாக 50 சதவீதம் வந்தது. அது 2 டாலர் 50 சென்ட். இரண்டும் சேர்ந்து 5 டாலர் சரக்குக்கு 3 டாலர் 32 சென்ட் வரி. அதே விலையில் வங்கதேசத்திலிருந்தோ வியட்நாமிலிருந்தோ வந்தால் கூடுதல் வரி 20 சதவீதம், ஒரு டாலர்தான். சரக்கை வாங்கும் அமெரிக்க பையர் என்ன செய்வார்? ஒன்று, 'விலையைக் குறைத்துக் கொடுங்கள்' என்பார். இல்லையென்றால் அடுத்த சீசன் ஆர்டரை டாக்காவுக்கு மாற்றுவார். வாஷிங்டனில் ஒரு கையெழுத்து விழுந்தது. அதன் விளைவாகத் திருப்பூர் அனுப்பர்பாளையத்துப் பவர் டேபிள் தையல் கூடத்தில் இரவு ஷிப்ட் நின்றது. இடையில் எந்த நாடாளுமன்ற விவாதமும் நடக்கவில்லை.

காங்கிரஸ் ஏன் சாவியைக் கொடுத்தது?

1930இல் காங்கிரஸ் தன் கையாலேயே ஆயிரக்கணக்கான பொருள்களுக்கு வரியை உயர்த்தியது. ஸ்மூட்-ஹாலி சட்டம் என்று அதற்குப் பெயர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருளியலாளர்கள் கையெழுத்திட வேண்டாம் என்று அதிபர் ஹூவருக்கு எழுதினார்கள். அவர் கையெழுத்திட்டார். மற்ற நாடுகள் பதிலுக்கு வரி போட்டன, உலக வணிகம் சுருங்கியது. ஒவ்வோர் உறுப்பினரும் தன் தொகுதித் தொழிலுக்குப் பாதுகாப்புக் கேட்டால் மொத்த வரி எங்கே போய் நிற்கும் என்பதைக் காங்கிரஸ் பட்டுத் தெரிந்துகொண்டது. 1934இல் புதிய சட்டம் வந்தது. வெளிநாடுகளோடு பேசி, வரியைப் பாதிவரை குறைக்கும் அதிகாரத்தை அதிபருக்கு அது கொடுத்தது.

அந்த ஒப்படைப்பின் நோக்கம் வரியை இறக்குவது. பின்னர் வந்த சட்டங்கள், குறிப்பிட்ட சூழலில் ஏற்றவும் அனுமதி தந்தன. ஆனால் ஒன்றைத் தவிர மற்ற ஒவ்வொன்றிலும் ஒரு பூட்டு வைத்தார்கள்.

1. 1962 சட்டத்தின் 232ஆம் பிரிவு: ஒரு பொருளின் இறக்குமதி தேசப் பாதுகாப்புக்கு ஆபத்து என்றால் வரி போடலாம். அதற்கு முன் வணிகத் துறை விசாரித்து அறிக்கை தர வேண்டும். கெடு 270 நாள். 2018இல் எஃகுக்கு 25 சதவீதம், அலுமினியத்துக்கு 10 சதவீதம் போட்டது இதன் கீழ்தான். 2025 ஜூனில் இரண்டும் 50 சதவீதம் ஆயின.

2. 1974 சட்டத்தின் 201ஆம் பிரிவு: திடீர் இறக்குமதிப் பெருக்கத்தால் உள்நாட்டுத் தொழில் நசிந்தால் தற்காலிகப் பாதுகாப்பு. இதற்குத் தனி ஆணையத்தின் விசாரணை வேண்டும்.

3. அதே சட்டத்தின் 301ஆம் பிரிவு: இன்னொரு நாட்டின் நியாயமற்ற வணிக நடைமுறைக்குப் பதிலடி. விசாரணை, அறிவிப்பு, கருத்துக் கேட்பு எல்லாம் உண்டு. 2018இல் சீனா மீது தொடங்கிய வரிப் போரின் ஆயுதம் இதுவே.

4. அதே சட்டத்தின் 122ஆம் பிரிவு: அந்நியச் செலாவணிக் கணக்கில் பெரும் நெருக்கடி வந்தால் விசாரணை இல்லாமலே வரி. உச்ச வரம்பு 15 சதவீதம், ஆயுள் 150 நாள். அதற்கு மேல் நீட்டிக்கக் காங்கிரஸ் சட்டம் இயற்ற வேண்டும்.

5. 1977இல் வந்த சர்வதேச அவசரகாலப் பொருளாதார அதிகாரச் சட்டம்: வெளிநாட்டிலிருந்து அசாதாரண அச்சுறுத்தல் என்று அதிபர் அவசரநிலை அறிவித்தால், சொத்துகளை முடக்கலாம், பரிவர்த்தனைகளைத் தடுக்கலாம், இறக்குமதியை 'ஒழுங்குபடுத்தலாம்'. விசாரணை தேவையில்லை. உச்ச வரம்பும் கெடுவும் இல்லை. ஆனால் 'வரி', 'தீர்வை' என்ற சொற்களும் அதில் எங்கும் இல்லை.

முதல் மூன்று சாவிகளும் மெதுவாகத் திரும்புபவை. நான்காவது வேகமானது, ஆனால் அதற்கு எல்லை உண்டு. ஐந்தாவதற்கு எந்தப் பூட்டும் இல்லை. டிரம்ப் 2025இல் எடுத்தது ஐந்தாவதை. அதற்கு முன் எந்த அதிபரும் அதைக் கொண்டு வரி போட்டதில்லை.

ஒரு ஜிப்பின் கதை

1977 சட்டத்தின் மேல் நடந்த வழக்கைப் புரிந்துகொள்ள 1971க்குப் போக வேண்டும். அன்றைய போட்டியாளர் சீனா அல்ல, ஜப்பானும் மேற்கு ஜெர்மனியும். ஆகஸ்ட் 15 அன்று அதிபர் நிக்சன், டாலருக்கும் தங்கத்துக்கும் இருந்த பிணைப்பை அறுத்தார். கூடவே இறக்குமதிப் பொருள்கள் மீது 10 சதவீதக் கூடுதல் வரியையும் போட்டார். மற்ற நாடுகள் தங்கள் நாணயத்தின் மதிப்பை உயர்த்த இணங்கியதும் டிசம்பரில் அதை எடுத்துவிட்டார். நான்கு மாதச் சங்கதி.

ஜப்பானிய ஜிப்களை இறக்குமதி செய்த யோஷிடா என்ற நிறுவனம், கட்டிய வரியைத் திருப்பிக் கேட்டு வழக்குப் போட்டது. அரசு தன் பாதுகாப்புக்கு முதல் உலகப் போர்க் காலத்து 1917 சட்டமொன்றைக் காட்டியது. எதிரி நாடுகளோடு வணிகம் பற்றிய சட்டம் அது. இறக்குமதியை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் அதில் இருக்கிறது என்றது அரசு. முதல் நீதிமன்றம் மறுத்தது. 1975இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அரசுக்குச் சாதகமாகச் சொன்னது, ஆனால் வரம்போடு: அந்த வரி சிறியது, தற்காலிகமானது என்பதால்தான் செல்லும். இஷ்டம்போல் வரி போட இது உரிமம் அல்ல.

இடையே 1974இல் காங்கிரஸ், இந்தச் சூழலுக்கென்றே 122ஆம் பிரிவை எழுதியது. 15 சதவீதம், 150 நாள் என்ற எல்லைகள் வந்தது அப்படித்தான். 1977இல், 1917 சட்டத்தின் அமைதிக்கால அதிகாரங்களைக் கட்டுக்குள் கொண்டுவரப் புதிய சட்டம் எழுதியபோது, 'இறக்குமதியை ஒழுங்குபடுத்த' என்ற அதே சொற்களை அப்படியே எடுத்துப் போட்டார்கள். இந்த ஒரு சொற்றொடரின் மேல்தான் 48 ஆண்டுகள் கழித்து உலக வணிகத்தின் பெரும்பகுதி ஏறி உட்கார்ந்தது.

கழன்றுபோன கடிவாளம்

1970களின் காங்கிரஸ் ஏமாளி அல்ல. வியட்நாம் போரையும் வாட்டர்கேட் ஊழலையும் கண்ட காங்கிரஸ் அது. அவசரநிலை அதிகாரத்தைக் கொடுத்தபோது அதைத் திரும்பப் பறிக்கும் வழியையும் எழுதி வைத்தது: இரு அவைகளும் சாதாரணப் பெரும்பான்மையில் தீர்மானம் போட்டால் போதும், அவசரநிலை முடிந்துவிடும். அதிபரின் கையெழுத்து தேவையில்லை.

1983இல் அந்த வழி அடைபட்டது. சதா வழக்கு என்று அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் பேசப்படும் வழக்கு அது. கென்யாவில் பிறந்த இந்திய வம்சாவளி மாணவர் ஒருவர், விசாக் காலம் முடிந்தும் அமெரிக்காவில் தங்கியிருந்தார். குடிவரவு அதிகாரிகள் நாடுகடத்தலை நிறுத்திவைத்தார்கள். பிரதிநிதிகள் அவை தனித் தீர்மானம் போட்டு அந்த முடிவை மாற்றியது. உச்ச நீதிமன்றம், அதிபரின் கையெழுத்துக்குப் போகாத தீர்மானத்துக்குச் சட்டத்தின் வலு கிடையாது என்றது. ஒரு மாணவரின் குடிவரவு வழக்கில் வந்த அந்த விதி, அவசரநிலைச் சட்டத்தின் கடிவாளத்தையும் அறுத்தது. 1985இல் சட்டத்தைத் திருத்தினார்கள். அன்று முதல் அவசரநிலையை முடிக்கும் தீர்மானமும் அதிபரின் மேசைக்குப் போக வேண்டும். தன் அதிகாரத்தைப் பறிக்கும் தீர்மானத்தை எந்த அதிபர் கையெழுத்திடுவார்? அவர் வீட்டோ செய்தால், அதை மீற இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். 2019இல் மெக்சிகோ எல்லை அவசரநிலையில் இதுதான் நடந்தது. காங்கிரஸ் முடிக்கச் சொன்னது, டிரம்ப் வீட்டோ செய்தார், மூன்றில் இரண்டு பங்கு சேரவில்லை.

கடிவாளத்தின் கயிறு காங்கிரஸ் கையில் இருக்கும்போது எழுதிய சட்டம், கயிறு போன பிறகும் அப்படியே நடப்பில் இருந்தது. 1985லேயே காங்கிரஸ் அந்த அதிகாரங்களின் அளவையும் குறைத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. கட்டுப்பாடு போனபோது அதிகாரத்தைச் சுருக்காமல் விட்டதுதான் மூலத் தவறு.

மிச்சமிருந்த சின்ன வாய்ப்பையும் 2025 மார்ச்சில் அடைத்தார்கள். அவசரநிலையை முடிக்கும் தீர்மானம் வந்தால் அதைக் குழு 15 நாளில் அவைக்கு அனுப்ப வேண்டும், பின் 3 நாளில் வாக்கெடுப்பு என்பது சட்டம். ஆளும் குடியரசுக் கட்சியின் உறுப்பினர்களுக்கு அந்த வாக்கெடுப்பு தர்மசங்கடம். அரசுச் செலவுக்கான இடைக்கால மசோதாவை விவாதத்துக்கு எடுக்கும் விதித் தீர்மானத்துக்குள் அவர்கள் ஒரு வாக்கியத்தைச் சேர்த்தார்கள்: கனடா, மெக்சிகோ, சீனா தொடர்பாக பிப்ரவரி 1 அன்று அறிவித்த அவசரநிலையைப் பொறுத்தவரை, இந்தக் கூட்டத்தொடரின் மிச்ச நாள்கள் எதுவும் 'நாள்' என்று கணக்கில் வராது. காலண்டரில் தேதி கிழிபடும், ஆனால் 15 நாள் என்ற எண்ணிக்கை நகரவே நகராது. செனட்டில் சில குடியரசுக் கட்சியினர் அணி மாறி வாக்களித்தார்கள். 2025 அக்டோபர் இறுதியில் பிரேசில், கனடா, உலகளாவிய வரி மூன்றுக்கும் எதிரான தீர்மானங்கள் செனட்டில் நிறைவேறின. பிரதிநிதிகள் அவை அந்த ஆண்டில் எதையும் வாக்கெடுப்புக்கு விடவில்லை.

உலக வரலாற்றில் நாடாளுமன்றங்கள் மன்னர்களிடமிருந்து முதலில் பறித்த அதிகாரமே வரி போடும் அதிகாரம். அதை ஓர் அவை தானே வேண்டாம் என்று தள்ளிவைப்பதைப் பார்க்க வேதனையாக இருக்கிறது.

2025: பூட்டில்லாத சாவி என்ன செய்தது

பிப்ரவரியில் போதைப்பொருளான ஃபென்டனிலைக் காரணம் காட்டி சீனாவுக்கு 10 சதவீதம், மார்ச்சில் 20. ஏப்ரல் 2 அன்று வணிகப் பற்றாக்குறையையே அவசரநிலை என்று அறிவித்து ஏறத்தாழ எல்லோருக்கும் 10 சதவீத அடிப்படை வரி. அதற்கு மேல் நாடு நாடாக 'பதிலுக்குப் பதில்' வரி. இலங்கைக்கு 44 சதவீதம் என்று அன்று அறிவித்தார்கள். ஜூலையில் அது 30 ஆகி, ஆகஸ்டில் 20இல் நின்றது. 2022இல் திவாலாகி எழுந்துகொண்டிருந்த ஒரு நாட்டின் முதன்மை ஏற்றுமதியான ஆடைத் தொழில், நான்கு மாதத்தில் மூன்று எண்களைக் கேட்டது.

சீனாவோடு ஏப்ரல் 2 முதல் 11 வரை ஏலம்போல் ஏறி, அமெரிக்கத் தரப்பு மொத்தம் 145 சதவீதத்திலும் சீனத் தரப்பு 125இலும் நின்றன. ஜூலையில் பிரேசில் மீது கூடுதலாக 40 சதவீதம். பிரேசிலோடு அமெரிக்காவுக்குப் பற்றாக்குறையே இல்லை, உபரிதான். அந்த ஆணை சொன்ன காரணங்களில் ஒன்று, முன்னாள் அதிபர் போல்சொனாரோ மீது அந்த நாட்டில் நடந்த வழக்கு. வெளிநாட்டு நீதிமன்ற வழக்கு ஒன்று அமெரிக்காவின் தேசிய அவசரநிலை ஆகுமா என்று கேட்டு அதை நிறுத்த அங்கே யாராலும் முடியவில்லை.

ஆகஸ்டில் இந்தியா மீது ரஷ்ய எண்ணெய்க்காகக் கூடுதல் 25 சதவீதம். ரஷ்யக் கச்சா எண்ணெயை நம்மைவிட அதிகமாக வாங்குவது சீனா. அதன் மீது அந்த அபராதம் விழவில்லை. ஏன் என்பதற்கான விடை அடுத்த பகுதியில் இருக்கிறது.

கடிவாளம் வெளியிலிருந்து வந்தது

1. கடன்பத்திரச் சந்தை. அமெரிக்க அரசு வாங்கும் கடனுக்கான பத்திரங்களை உலகமே பாதுகாப்பான சேமிப்பாக வைத்திருக்கிறது. பங்குச் சந்தை விழும்போது பணம் இந்தப் பத்திரங்களுக்கு ஓடுவது வழக்கம். 2025 ஏப்ரலில் பங்கும் விழுந்தது, பத்திரமும் விழுந்தது. 10 ஆண்டுப் பத்திரத்தின் வட்டி, ஏப்ரல் 4 அன்று 4 சதவீதத்துக்குக் கீழே இருந்தது, 9ஆம் தேதி 4.5 சதவீதத்தைத் தொட்டது. கடன் வாங்கிப் பிழைக்கும் அரசுக்கு இது பெரிய அடி. 9ஆம் தேதி நடைமுறைக்கு வந்த நாடுவாரி வரிகளை, அன்றே சில மணி நேரத்துக்குள் சீனா தவிர மற்ற நாடுகளுக்கு 90 நாள் நிறுத்திவைத்தார் டிரம்ப். பத்திரச் சந்தையில் ஆட்கள் பதறுவதைக் கவனித்ததாக அவரே சொன்னார்.

2. காந்தம். ஏப்ரல் 4 அன்று சீனா 7 அரிய மண் தனிமங்களுக்கும் அவற்றால் செய்த காந்தங்களுக்கும் ஏற்றுமதி உரிமம் கட்டாயம் என்றது. டிஸ்ப்ரோசியமும் டெர்பியமும் அதில் அடக்கம். கார் மோட்டார் சூடேறினாலும் காந்தத்தின் வலு குறையாமல் இருக்க, அவற்றைச் சிறிதளவு கலக்க வேண்டும். உலகின் அரிய மண் சுத்திகரிப்பில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு சீனாவில் நடக்கிறது. மே மாதத்தில் காந்தம் கிடைக்காமல் ஃபோர்டு நிறுவனம் சிகாகோ ஆலையை ஒரு வாரம் நிறுத்தியது. மே 12 அன்று ஜெனீவாவில் 145 என்பது 30 ஆக இறங்கியது. அக்டோபர் 9 அன்று சீனா கட்டுப்பாட்டை இன்னும் விரித்தது. டிரம்ப் கூடுதலாக 100 சதவீதம் போடுவேன் என்றார். அக்டோபர் 30 அன்று தென்கொரியாவின் புசானில் டிரம்பும் ஷி ஜின்பிங்கும் சந்தித்தபோது இரு தரப்பும் பின்வாங்கின, ஃபென்டனில் வரியும் 20இலிருந்து 10 ஆனது.

எண்ணெய் அபராதம் ஏன் சீனா மீது விழவில்லை என்றால், சீனாவிடம் காந்தம் இருந்தது, நம்மிடம் அப்படி ஒன்று இல்லை. அதிபரின் கை எல்லையின்றி நீளும்போது, அது திருப்பி அடிப்பவரைத் தவிர்த்து, அடிக்க முடியாதவர் மேல் விழுகிறது. சீனாவோடு போட்டி என்று சொல்லி எடுத்த ஆயுதத்தின் முழு எடையையும் திருப்பூரும் இலங்கையின் கட்டுநாயக்கவும் சுமந்தன.

அப்படியானால் கட்டுப்பாடே இல்லாத ஆட்சிதான் போட்டியில் ஜெயிக்குமா?

இந்த வாதத்தைப் பலர் வைக்கிறார்கள். 2018 மார்ச் 11 அன்று சீனத் தேசிய மக்கள் பேரவை, அதிபர் இரண்டு தடவைக்கு மேல் பதவி வகிக்கக் கூடாது என்ற வரம்பை 2,958 வாக்குகளால் நீக்கியது. எதிர்ப்பு 2. பதினொரு நாள் கழித்து, டிரம்ப் சீனா மீது 301ஆம் பிரிவின் கீழ் வரி போடும் குறிப்பாணையில் கையெழுத்திட்டார். ஒரு பக்கம் நீதிமன்றம், செனட், தேர்தல் எதற்கும் பதில் சொல்லத் தேவையில்லாத தலைவர். அவரை எதிர்கொள்ள அமெரிக்க அதிபருக்கும் அதே வேகம் வேண்டாமா என்று கேட்கிறார்கள்.

வேகம் உண்மைதான். ஆனால் அதற்கு விலையும் உண்டு. 2010இல் ஜப்பானோடு ஏற்பட்ட கடல் தகராறில் சீனா அரிய மண் ஏற்றுமதியை நிறுத்தியது. ஜப்பான் அன்றே பாடம் கற்று ஆஸ்திரேலியாவின் லைனஸ் என்ற அரிய மண் நிறுவனத்துக்குப் பணம் கொடுத்து வளர்த்தது, சீனாவை நம்பியிருந்த அளவை ஏறத்தாழ 90 சதவீதத்திலிருந்து 60 சதவீத அளவுக்குக் குறைத்தது. 2020 நவம்பரில் சீன நிதித் தொழில்நுட்ப நிறுவனமான ஆன்ட் குழுமத்தின் பங்கு வெளியீட்டை, சந்தைக்கு வர இரண்டு நாள் இருக்கும்போது சீன அதிகாரிகள் நிறுத்தினார்கள். அதற்குப் பின் முதலீட்டாளர்கள் சீன நிறுவனங்களைப் பார்க்கும் பார்வையே மாறியது.

அமெரிக்காவின் பலம் அதன் சொல்லுக்கு இருந்த மதிப்பு. ஒப்பந்தம் போட்டால் ஆள் மாறினாலும் நிற்கும், மீறினால் நீதிமன்றம் இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் உலகம் அந்த நாட்டுப் பத்திரத்தை வாங்கியது. சீனாவின் வேகத்தைப் பின்பற்றும் ஆசையில் அந்த மதிப்பைக் கரைத்தால், வேகத்தில் சீனாவை முந்தவும் முடியாது, தன் பழைய பலமும் மிஞ்சாது.

நீதிமன்றம் என்ன சொன்னது, எவ்வளவு நாளில் சொன்னது

வழக்குப் போட்டவர்கள் பெரும் நிறுவனங்கள் அல்ல. நியூயார்க்கில் ஒயின் இறக்குமதி செய்யும் சிறு நிறுவனம் ஒன்று. குழந்தைகளுக்கான கல்வி விளையாட்டுப் பொருள் விற்கும் இல்லினாய்ஸ் நிறுவனம் ஒன்று. சர்வதேச வணிக நீதிமன்றம் மே 28 அன்று மூன்று நீதிபதிகளும் ஒருமித்து வரியைச் செல்லாது என்றது. மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆகஸ்ட் 29 அன்று 7க்கு 4 என்ற கணக்கில் அதை உறுதி செய்தது. தடையாணைகள் நிறுத்திவைக்கப்பட்டதால் வசூல் தொடர்ந்தது.

உச்ச நீதிமன்றத்தில் 6க்கு 3. தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் தீர்ப்பை எழுதினார். டிரம்ப் நியமித்த மூவரில் கோர்சச், பாரெட் இருவரும் அவருடன் சேர்ந்தார்கள், கவனா எதிர்த்தார். 'ஒழுங்குபடுத்து' என்ற சொல்லுக்குள் வரி போடும் அதிகாரம் அடங்காது என்பதில் ஆறு பேரும் ஒன்று. பெரும் பொருளாதார விளைவுள்ள அதிகாரத்தைக் காங்கிரஸ் தெளிவான சொற்களில் தந்திருக்க வேண்டும் என்ற கோட்பாட்டைப் பயன்படுத்தியவர்கள் அதில் மூவர் மட்டும். யோஷிடா வழக்கு தெரிந்தே காங்கிரஸ் அதே சொற்களை எடுத்தது என்ற அரசின் வாதம் பெரும்பான்மையிடம் எடுபடவில்லை.

தீர்ப்பு சரியானது. ஆனால் தாமதம் என்னை உறுத்துகிறது. 1952இல் கொரியப் போரின் நடுவே அதிபர் ட்ரூமன் எஃகு ஆலைகளை அரசுடைமையாக எடுத்தார். ஏப்ரல் 8 அன்று எடுத்ததை உச்ச நீதிமன்றம் ஜூன் 2 அன்று ரத்து செய்தது, அன்றும் 6க்கு 3தான். இந்த முறை முதல் ஆணைக்கும் தீர்ப்புக்கும் இடையே ஓராண்டுக்கு மேல் ஓடியது. அதற்குள் வசூலான வரி 130 பில்லியன் டாலருக்கும் மேல்.

நம் சட்டத்தில் இது எப்படி?

சட்டத்தின் அதிகாரமின்றி வரி இல்லை என்கிறது இந்திய அரசியலமைப்பின் 265ஆம் பிரிவு. அவசரமாகச் சுங்க வரியை ஏற்றும் அதிகாரம் நம் ஒன்றிய அரசுக்கும் உண்டு, 1975 சுங்க வரிப்பட்டியல் சட்டத்தின் 8ஏ பிரிவில். ஆனால் அந்த அறிவிக்கையை நாடாளுமன்றத்தில் வைத்து, தீர்மானம் வழியாக ஒப்புதல் கேட்க வேண்டும். புல்வாமா தாக்குதலுக்குப் பின் 2019 பிப்ரவரி 16 அன்று பாகிஸ்தான் பொருள்களுக்கு 200 சதவீத வரி போட்டது இந்தப் பிரிவில்தான். அன்று பகலில் சரக்குக்கான பத்திரங்களைத் தாக்கல் செய்துவிட்ட இறக்குமதியாளர்களிடமும் 200 சதவீதம் கேட்டார்கள். அறிவிக்கை இணையத்தில் ஏறிய நேரம் இரவு 8 மணி 46 நிமிடம் 58 வினாடி. அந்த வினாடிக்கு முன் தாக்கலானவற்றுக்குப் புதிய வரி பொருந்தாது என்று 2020 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. வரி போடும் கை எந்த வினாடியில் விழுந்தது என்று கேட்க ஓர் இடம் அங்கே இருந்தது.

இனி விளைவுகள்

1. போட்டி ஓயவில்லை, வேகம் மட்டும் குறைகிறது. 122ஆம் பிரிவின் வரிக்கு 150 நாள்தான் ஆயுள். நீடித்த வரி வேண்டுமென்றால் 232 அல்லது 301 வழியே விசாரித்துத்தான் வர முடியும். ஓர் இரவில் 50 சதவீதம் என்று சமூக ஊடகத்தில் எழுதி மறுநாள் நடைமுறைப்படுத்தும் வசதி போய்விட்டது. பேச்சுவார்த்தை மேசையில் மிரட்டலாக வைத்திருந்த பெரிய சீட்டு அது.

2. அந்த மிரட்டலுக்கு அஞ்சிப் போட்ட ஒப்பந்தங்களின் அடித்தளம் ஆடுகிறது. ஜப்பான் 550 பில்லியன் டாலர் முதலீட்டுக்கு இணங்கியது வரியைக் குறைக்கத்தான். இந்தியாவுக்கான எண்ணெய் அபராதம் தீர்ப்புக்கு இரண்டு வாரம் முன்புதான் பேச்சுவார்த்தையில் விலகியது. இரண்டு வாரம் பொறுத்திருந்தால் எதையும் கொடுக்காமலே விலகியிருக்கும்.

3. பணம் திரும்புமா? பெரும்பான்மைத் தீர்ப்பு அதற்கு வழிமுறை வகுக்கவில்லை. சட்டப்படி உரிமை, சுங்கத்தில் பெயர் பதிவான இறக்குமதியாளருக்கு. 50 சதவீதக் காலத்தில் ஆர்டரைக் காப்பாற்ற 10, 15 சதவீதம் தள்ளுபடி கொடுத்த திருப்பூர் ஏற்றுமதியாளர் அந்த வரியின் ஒரு பங்கைத் தன் லாபத்திலிருந்து சுமந்தார். ஆனால் அவர் பெயர் அமெரிக்கச் சுங்கத்தின் எந்தத் தாளிலும் இல்லை. பையரிடம் கேட்கத்தான் முடியும், கேட்டால் அடுத்த ஆர்டரை நினைத்துத் தயங்க வேண்டும். இனிப் போடும் ஒப்பந்தங்களிலாவது, வரிக்காகக் கொடுக்கும் தள்ளுபடியைத் தனி இனமாகக் காட்டி, வரி செல்லாது என்றானால் அந்தத் தொகை யாருக்குத் திரும்பும் என்பதை இன்வாய்ஸுக்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.